தினமும் கையைச் சோதிக்கலாமா, எழுதி வாங்கலாமா? தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளையின் வீட்டாருக்கான குறிப்பு

திண்ணைவிளக்கு:

பதின்ம வயதுப் பிள்ளை தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதைக் கண்டுபிடித்த பெற்றோருக்குக் கொடுக்க இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று தயாராகிறது. முதல் இரண்டு மூன்று நாட்களில் வீட்டில் என்ன செய்வது, என்ன செய்யக்கூடாது என்பது மட்டும்தான் அதில் வரும். வரைவை வாசித்தவர்கள் ஆளுக்கொரு திசையில் இழுக்கிறார்கள். இந்தத் துறையில் இருப்பவர்கள் பதில் சொன்னால் நல்லது.

1. "இனிமேல் செய்யமாட்டேன்" என்று சத்தியம் வாங்கலாமா? எழுதிக் கையெழுத்து வாங்குவது?
2. தினமும் கையைக் காட்டச் சொல்வது, அறையைச் சோதிப்பது சரியா?
3. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்தது போல ஆகிவிடாதா?
4. எந்த நிலையில் உடனே ஆஸ்பத்திரி?
5. "கவனத்தைக் கவரத்தான் செய்கிறாள்" என்று ஒருவர் கருத்து எழுதியிருக்கிறார். அதற்கு ஒரு பத்தி பதில் வேண்டும்.

காயப்படுத்தும் விதங்களை யாரும் இங்கே விவரிக்க வேண்டாம். குறிப்பிலும் அது இருக்காது.

---

மெல்லத்திற:

ஐந்தாவதிலிருந்து தொடங்குகிறேன். அதற்குத் தப்பான பதில் மனதில் இருந்தால் மற்ற நான்கும் தப்பாகத்தான் முடியும்.

இதை ஏன் செய்கிறார்கள் என்பதற்கு உளவியலாளர்கள் மாத்யூ நாக், மிட்செல் பிரின்ஸ்டைன் இருவரும் 2004-இல் வைத்த சட்டகம் இன்னும் கைகொடுக்கிறது. பயன் நான்கு வகை. உள்ளே தாங்கமுடியாமல் கொதிப்பதைத் தணிக்க. மரத்துப்போன நிலையில் எதையாவது உணர, அல்லது தன்னைத் தண்டித்துக்கொள்ள. வெளியே ஒரு நெருக்கடியிலிருந்து தப்பிக்க. வெளியே ஒருவரிடமிருந்து எதையாவது பெற. இவற்றில் காயப்படுத்திக்கொள்பவர்கள் அதிகம் சொல்வது முதலாவதைத்தான். கவனம் என்பது நாலாவது பெட்டியில் ஒரு மூலையில் கிடப்பது. பெரும்பாலானவர்கள் இதை மாதக்கணக்கில் மறைக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கவனத்துக்காகச் செய்பவர் ஏன் மறைக்க வேண்டும்? அப்படியே ஒரு பிள்ளை கவனத்துக்காகத்தான் செய்கிறது என்று வைத்துக்கொண்டாலும், "பால் கிடைக்கத்தான் அழுகிறது" என்று கைக்குழந்தையைக் குறை சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

பழக்கம் ஒட்டிக்கொள்வது எப்படி என்பதையும் இரண்டு வரி போடுங்கள். கொதிப்பு சிறிது நேரம் அடங்குகிறது. மூளை அதை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. பிறகு வெட்கம் வருகிறது, மறைக்க வேண்டியிருக்கிறது, மறைப்பதால் தனிமை கூடுகிறது, தனிமையில் அதே கொதிப்பு முன்னைவிடச் சீக்கிரம் திரும்புகிறது. இது தெரியாத பெற்றோர்தான் "மனசு வைத்தால் நிறுத்திவிடலாமே" என்கிறார்கள்.

இப்போது முதல் கேள்வி. சத்தியம், கையெழுத்து இரண்டும் வேண்டாம். இப்படி எழுதி வாங்குவது காயத்தையோ தற்கொலையையோ தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. நடைமுறையில் நடப்பது இதுதான்: வேறு வழி எதுவும் கற்றுக்கொடுக்காமல் இருந்த ஒரே வழியை அடைத்துவிடுகிறோம். மறுவாரம் பிள்ளை மீறுகிறது. இப்போது காயத்தோடு வாக்கு தவறிய குற்றமும் சேர்ந்துகொள்கிறது; அடுத்த முறை சொல்லவே சொல்லாது. வாக்கு வேண்டுமென்றால் இப்படிக் கேளுங்கள்: "தோணும்போது, முடிந்தால் முன்னாடி, முடியாவிட்டால் பின்னாடியாவது, எங்களில் ஒருவருக்குச் சொல்வாயா?" காப்பாற்றக்கூடிய வாக்கு இது.

முதல் பேச்சைப் பற்றி உங்கள் வரைவில் எதுவுமே இல்லை. அதைத்தான் பெற்றோர் முதலில் தேடுவார்கள். கண்டுபிடித்த அந்த நிமிடத்தில், ரத்தம் வருகிறதா, எதையாவது விழுங்கியிருக்கிறதா என்பதைத் தவிர வேறெதுவும் கேட்க வேண்டாம். பேச்சு இருவரும் ஓரளவு தணிந்தபின். எதிரெதிரே உட்கார்ந்தால் விசாரணை மாதிரி ஆகிவிடும். சேர்ந்து நடக்கும்போதோ வண்டியில் போகும்போதோ பக்கவாட்டில் இருப்பது சுலபம். பத்துப் பதினைந்து நிமிடம் போதும். ஒருவர் மட்டும் பேசட்டும். அப்பா, அம்மா, சித்தப்பா, அத்தை என்று கூட்டம் கூட்ட வேண்டாம்.

சொல்லவேண்டிய வாக்கியங்களை அப்படியே அச்சிடுங்கள். பதறிப்போனவருக்குத் தத்துவத்தைவிட வாக்கியம்தான் உதவும்:

"கையில் காயம் பார்த்தேன். கோபம் இல்லை. உனக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை."

"அதைச் செய்வதற்கு முன்னாடி மனசு எப்படி இருந்தது?"

"இப்போ எல்லாத்தையும் சொல்லணும்னு இல்லை. நாளைக்கும் கேட்பேன்."

"ஏன் இப்படிச் செஞ்சே?" என்ற கேள்வியைத் தவிருங்கள். "ஏன்" என்று தொடங்கினாலே பிள்ளைக்கு அது குற்றப்பத்திரிகைதான். அந்த வயதில் பலருக்குப் பதிலும் தெரியாது. "உனக்கு என்ன குறை வைத்தோம்", "அம்மா செத்துடுவேன்", "குடும்ப மானம்" மூன்றும் அறவே கூடாது. தழும்புகளையெல்லாம் காட்டச் சொல்லாதீர்கள். மருத்துவம் தேவைப்படும் புதுக்காயம் இருக்கிறதா என்பது மட்டும் போதும்.

மூன்றாவது கேள்விக்கு: கேளுங்கள். கேட்பதால் எண்ணம் விதைக்கப்படாது. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் நியூயார்க் மாநிலத்தின் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் 2,300-க்கும் மேற்பட்டவர்களில் ஒரு பாதியினரிடம் தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டார்கள், மறுபாதியினரிடம் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர்களுக்கு மனவேதனையோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. மனச்சோர்வு உள்ளவர்கள், ஏற்கெனவே முயன்றவர்கள் ஆகியோருக்குச் சற்று ஆறுதலாகவே இருந்தது. சுற்றிவளைக்காமல் கேட்க வேண்டும். "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்றால் "இல்லை" என்ற பதிலை நாமே எடுத்துக்கொடுக்கிறோம். "சாகணும்னு தோணியிருக்கா?" என்பதுதான் கேள்வி. ஆம் என்றால் அடுத்தவை: எப்படி என்று யோசித்ததுண்டா, அதற்கானது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, எப்போது என்று நினைத்ததுண்டா, இன்றைக்கு அந்த எண்ணம் எவ்வளவு பலமாக இருக்கிறது. வழியும் நேரமும் யோசித்து வைத்திருந்தால் அந்தப் பிள்ளையைத் தனியே விடக்கூடாது. அன்றைக்கே அவசரப் பிரிவு அல்லது நெருக்கடி உதவி எண்.

காயப்படுத்திக்கொள்வதும் தற்கொலை முயற்சியும் ஒன்றல்ல, பலர் உயிரோடு இருக்கும் பொருட்டே அதைச் செய்கிறார்கள். ஆனால் "அப்போ இது ஆபத்தில்லாதது" என்று பெற்றோர் முடிவுகட்டிவிடக் கூடாது. காயப்படுத்திக்கொள்ளும் வரலாறு உள்ளவர்களுக்குப் பின்னாளில் தற்கொலை அபாயம் மற்றவர்களைவிட அதிகம். இன்று "சாக நினைக்கவில்லை" என்பவருக்கு அடுத்த மாதம் அந்த எண்ணம் வரலாம். அதனால் ஒருமுறை கேட்டு முடித்துவிடும் கேள்வி இல்லை இது.

---

கட்டுத்துணி:

நாலாவது கேள்வி மட்டும் என் பக்கம். குறிப்பில் இதைத் தனிக் கட்டம் போட்டு, முதல் பக்கத்திலேயே வையுங்கள். பெற்றோர் நடுராத்திரியில் புரட்டுவார்கள்.

உடனே அவசரப் பிரிவு:

எதையாவது விழுங்கியிருந்தால், எவ்வளவு என்றாலும், பிள்ளை நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும். இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. காய்ச்சலுக்கும் வலிக்கும் போடும் பாரசிட்டமால் போன்ற சாதாரண மாத்திரைகூட முதல் நாள் பெரிதாக எதையும் காட்டாமல் கல்லீரலைக் கெடுக்கும். அதன் நஞ்சை முறிக்கும் மருந்து முதல் 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப்பலன். "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று காலைவரை காத்திருக்கவே கூடாது. வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத்தண்ணீர் கொடுக்காதீர்கள். மாத்திரை அட்டை, பாட்டில் எல்லாவற்றையும் கூடவே எடுத்துப் போங்கள். எத்தனை மணிக்கு என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ரத்தம்: சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்ப்பதால்தான் நிற்காமல் போகிறது. துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்று வைத்து அழுத்துங்கள். 10 நிமிடத்துக்குப் பிறகும் நிற்கவில்லை, விட்டுவிட்டுப் பீறிடுகிறது, காயத்தின் வாய் பிளந்திருக்கிறது, கீழே விரல்கள் மரத்திருக்கின்றன அல்லது மடக்க முடியவில்லை என்றால் கிளம்ப வேண்டியதுதான். தையல் போட வேண்டிய காயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். நேரம் போகப்போகத் தொற்று வரும் வாய்ப்பு கூடும்.

தீக்காயம்: குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். ஐஸ் வேண்டாம், பற்பசை, வெண்ணெய், மை எதுவும் வேண்டாம். உள்ளங்கையைவிடப் பெரியது, முகம், கை, பிறப்புறுப்பு, வெள்ளையாகவோ கருகியோ இருப்பது எல்லாம் ஆஸ்பத்திரிக்கு.

மயக்கம், குழப்பமான பேச்சு, தலையில் அடி: கேள்வியே இல்லை.

வீட்டில் பார்த்துக்கொள்ளக்கூடிய மேலோட்டமான காயம் என்றால் ஓடும் தண்ணீரில் கழுவி, சுற்றிலும் சோப்பு போட்டு, ஒட்டாத டிரெஸ்ஸிங் வைத்துக் கட்டுங்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று பாருங்கள். அழுக்கான காயத்துக்கு 5 வருடம், சுத்தமான காயத்துக்கு 10 வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டும். இரண்டு மூன்று நாளில் சிவப்பு பரவுவது, சூடு, சீழ், காய்ச்சல் என்றால் டாக்டர்.

கட்டுப்போடும்போது பேச்சைக் குறையுங்கள். திட்டவும் வேண்டாம், கண்ணீர்விட்டுக் கொஞ்சவும் வேண்டாம். கத்தியது, அழுதது, அணைத்தது எல்லாம் காயத்தோடு முடிச்சுப் போட்டுக்கொள்ளும். விழுந்து முட்டி சிராய்த்தவனுக்குக் கட்டுவது போலக் கட்டுங்கள். அன்பைக் காயமில்லாத நேரத்தில் தாராளமாகக் காட்டுங்கள்.

மயக்கமருந்து இல்லாமல் தைப்பது, "இதெல்லாம் உனக்கு வேணும்" என்று சொல்வது போன்றவை ஆஸ்பத்திரியில் நடந்தால் பெற்றோர் எதிர்த்துப் பேசலாம், பேச வேண்டும். காயம் எப்படி வந்திருந்தாலும் வலிநிவாரணம் ஒன்றுதான்.

---

எதிர்க்கேள்வி:

எல்லாம் சரி. இரண்டாம் கேள்வியை எல்லோரும் நழுவவிட்டுவிட்டீர்கள். சோதிக்கவே கூடாது என்றுதான் சொல்லப்போகிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் எதையும் பார்க்காமல் விட்டு, ஒருநாள் பெரிதாக ஆகிவிட்டால்? "பிள்ளையின் தனியுரிமை" என்று பெற்றோரிடம் சொல்வது சுலபம். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவுக்கு வெளியே நிற்பவருக்கு அது பதில் இல்லை.

---

மெல்லத்திற:

நழுவவிடவில்லை, தனியாக எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன். இரண்டு வேறு காரியங்களை ஒரே பெயரில் அழைப்பதால்தான் இந்தச் சண்டை.

ஒன்று, உடலைச் சோதிப்பது. "சட்டையைத் தூக்கு, கையைக் காட்டு." இதை வேண்டாம் என்பதற்குக் காரணம் தனியுரிமை மட்டும் இல்லை, அது வேலை செய்வதில்லை. வீட்டில் தினம் கையைப் பார்த்தால் காயம் நிற்காது, பார்க்காத இடத்துக்குப் போகும். பார்க்காத இடத்தில், அவசரமாக, பயத்தோடு செய்யும்போது ஆபத்து கூடும். தவிர, ஒரு நாளில் நீங்கள் பேசும் மிக முக்கியமான விஷயமே கைதான் என்று ஆகிவிடும். பள்ளி, தோழி, தூக்கம் எல்லாம் பின்னுக்குப் போய்விடும்.

இன்னொன்று, வீட்டைப் பத்திரப்படுத்துவது. இது வேண்டும், உறுதியாக வேண்டும். சாகவோ காயப்படுத்திக்கொள்ளவோ எழும் வேகம் பலருக்கும் நிமிடக்கணக்கில் உச்சத்துக்குப் போய்த் தணியக்கூடியது. அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதுதான் உயிரைக் காக்கிறது. முதலில் மருந்துகள்: தாத்தா பாட்டியின் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் உட்பட வீட்டிலுள்ள எல்லா மருந்தும் பூட்டுக்குள். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வெளியே, அதுவும் பெரியவர் கையில். பழையது, காலாவதியானது எதையும் வீட்டில் வைக்காதீர்கள்; மருந்துக்கடை திரும்ப வாங்கிக்கொண்டால் அங்கே கொடுங்கள். பூச்சிமருந்து, களைக்கொல்லி வீட்டிலேயே இருக்கக்கூடாது. துப்பாக்கி இருக்கும் வீடென்றால் அதுவும். கூர்மையானவற்றைக் குறைத்துப் பொது இடத்தில் வையுங்கள். சமையலறையையே காலிசெய்ய முடியாது, முயலவும் வேண்டாம்.

பிள்ளைக்குத் தெரியாமல் அறையைக் குடைந்து எடுப்பதைவிட, "இன்னும் சில மாதத்துக்கு இதையெல்லாம் பூட்டி வைக்கப்போகிறோம். உன் அறையில் நீ கொடுத்துவிட நினைப்பது ஏதாவது இருந்தால் கொடு" என்று சொல்லுங்கள். கொடுக்கிற பிள்ளைகள் உண்டு. கொடுத்தால் "இன்னும் இருக்கா?" என்று துருவாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு. சாகும் எண்ணம் வழியோடும் நேரத்தோடும் இருக்கிறது, அல்லது சமீபத்தில் முயற்சி நடந்திருக்கிறது என்றால் அறையைச் சோதிக்கலாம், ராத்திரி கூடவே படுக்கலாம், கதவைத் தாழிடாமல் வைக்கலாம். அப்போதும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், எத்தனை நாளைக்கு என்றும் சொல்லுங்கள். "டாக்டரைப் பார்க்கும் வியாழக்கிழமை வரைக்கும்" என்பது பிள்ளையால் தாங்கக்கூடிய கண்காணிப்பு. முடிவே இல்லாத கண்காணிப்பில் பிள்ளைக்கு மூச்சு முட்டும்.

ராத்திரி இரண்டு மணிக் கதவுக்கு: தட்டுங்கள். "தூக்கம் வரலை, நீ முழிச்சிருக்கியான்னு பார்க்க வந்தேன்." அவ்வளவுதான்.

---

எதிர்க்கேள்வி:

பிரித்துச் சொன்னது புரிகிறது. விதிவிலக்கைக் குறிப்பில் கண்டிப்பாகப் போடுங்கள். அது இல்லாவிட்டால் பயந்த பெற்றோர் மொத்தத்தையும் தூக்கிப்போட்டுவிடுவார்கள்.

---

ஆறாம்படி:

யாரும் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடவில்லை. கொதிப்பு வரும்போது எதற்குப் பிறகு எது என்று பிள்ளை முன்கூட்டியே எழுதி வைக்கும் தாள் அது. சத்தியத்துக்குப் பதிலாக வைக்க வேண்டியது அதுதான். உளவியலாளர்கள் பார்பரா ஸ்டான்லி, கிரிகரி பிரவுன் வடிவமைத்தது, 2012-இல் வெளியானது. தற்கொலை நெருக்கடிக்காகச் செய்யப்பட்டதை இதற்கும் பயன்படுத்துகிறோம். ஆறு படி. ஒரு தாள் போதும்.

முதல் படி, எச்சரிக்கை அடையாளங்கள். "மனசு சரியில்லாதபோது" என்று எழுதினால் பயனில்லை. "தோழிகள் குழுவில் எழுதியதற்கு யாரும் பதில் போடாமல் அரைமணி ஆகும்போது", "தாடை இறுகி, காது சூடாகும்போது" என்ற அளவுக்குப் போக வேண்டும். இரண்டாம் படி, தானே தனியாகச் செய்யக்கூடியவை. மூன்றாவது, மனதைத் திசைதிருப்பும் ஆட்களும் இடங்களும். அங்கே போய் எதையும் சொல்ல வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும். நாலாவது, வாய்விட்டுச் சொல்லி உதவி கேட்கக்கூடியவர்கள். ஐந்தாவது, மனநல மருத்துவர், கவுன்சலர், உதவி எண், அவசரப் பிரிவு. ஆறாவது, மெல்லத்திற சொன்ன வீட்டுப் பத்திரம்.

தவறு நடப்பது மூன்று இடத்தில். பெற்றோரே நிரப்பிவிடுகிறார்கள், பிள்ளையின் எழுத்தில், பிள்ளையின் சொல்லில் இல்லாவிட்டால் அந்தத் தாள் அலமாரியில்தான் கிடக்கும். மூன்றாம் படியையும் நாலாம் படியையும் குழப்பி இரண்டிலும் "அம்மா" என்று போடுகிறார்கள். சண்டையே அம்மாவோடு என்றால் என்ன செய்வது? மூன்றாவது, இரண்டாம் படியில் "பாட்டு கேட்பேன், புத்தகம் படிப்பேன்" என்று பொதுவாக எழுதுகிறார்கள். கொதிப்பின் உச்சத்தில் யாராலும் புத்தகம் படிக்க முடியாது. அங்கே உடம்பு வழியாகத்தான் இறங்க வேண்டும்.

அதற்கு மூன்று சொல்கிறேன். மூச்சு: 4 எண்ணும்வரை உள்ளே, 6 எண்ணும்வரை வெளியே, இரண்டு மூன்று நிமிடம். வெளிமூச்சு நீளமாக இருப்பதுதான் சூட்சுமம். ஆழமாக வேகமாக இழுத்தால் தலைசுற்றும், பதற்றம் கூடும். உடல் அசைவு: மாடிப்படி ஏறி இறங்குவது, கயிறு தாண்டுவது, பத்து நிமிடம், வியர்க்கும்வரை. குளிர்ந்த நீர்: மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் குளிர்ந்த தண்ணீரில் 15 முதல் 30 விநாடி வைப்பது, இதயத்துடிப்பு இறங்கும். இதயக் கோளாறு, உணவுண்ணல் கோளாறு, இதயத்துடிப்பைக் குறைக்கும் மருந்து இருந்தால் இது மட்டும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். இவற்றோடு ஒரு தள்ளிவைப்பு: "15 நிமிடம் கழித்து முடிவு செய்கிறேன்." 15 முடிந்தால் இன்னொரு 15.

உங்கள் வரைவில் சின்ன வலியை உண்டாக்கும் மாற்று வழி ஏதாவது இருந்தால் எடுத்துவிடுங்கள். ஒருகாலத்தில் பரவலாகச் சொன்னோம். "கொதித்தால் உடம்பை வலிக்கவை" என்ற அதே பாடத்தைத்தான் அது மறுபடி கற்றுக்கொடுக்கிறது.

சிகிச்சைக்கு ஒரு பத்தி. கொதிப்பைத் தாங்கவும் தணிக்கவும் திறன்களைக் கற்றுக்கொடுக்கும், டிபிடி என்று சொல்லப்படும் இயங்கியல் நடத்தைச் சிகிச்சையை உருவாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான். முதல் பெரிய ஆய்வு 1991-இல் வந்தது. இளம்வயதில் தானும் காயப்படுத்திக்கொண்டவர்தான் என்பதை 2011-இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். வாராந்திரத் தனிச்சந்திப்பு, திறன் வகுப்பு, நெருக்கடியில் போனில் வழிகாட்டல், சிகிச்சையாளர்களுக்கான குழு ஆலோசனை என நாலும் சேர்ந்தால்தான் முழு டிபிடி. பதின்ம வயதினருக்கான வடிவத்தில் திறன் வகுப்பில் பெற்றோரும் உட்காருவார்கள். சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டி, அடிக்கடி காயப்படுத்திக்கொள்ளும், உணர்ச்சியைக் கட்டுப்படுத்தத் திணறும் சிறுவர்களுக்கு இதைப் பரிசீலிக்கச் சொல்கிறது. பெரியவர்களுக்கு சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) அடிப்படையிலான சிகிச்சையைச் சொல்கிறது. டிபிடி கிடைக்காத ஊர் என்றால், கவுன்சலரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்: "கடைசியாக நடந்ததை நிமிடம் நிமிடமாகப் பிரித்துப் பார்ப்பீர்களா?" எங்கே தொடங்கியது, எந்த எண்ணம் தூண்டியது, எந்தக் கண்ணியில் அறுத்திருக்கலாம் என்று சங்கிலியாகப் பார்ப்பவர் என்றால் நல்லது. புத்திமதி மட்டும் சொல்பவர் என்றால் வேறொருவரைத் தேடலாம்.

அதே வழிகாட்டி இன்னொன்றும் சொல்கிறது, பல டாக்டர்களே கவனிக்காதது: "குறைந்த, நடுத்தர, அதிக அபாயம்" என்று மதிப்பெண் போட்டு, யாருக்குச் சிகிச்சை, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்யக்கூடாது. அந்த மதிப்பெண்களால் எதிர்காலத்தைச் சொல்ல முடிவதில்லை. "லோ ரிஸ்க்" என்று எழுதி அனுப்பிவிட்டார்கள் என்று பெற்றோர் நிம்மதியாகிவிடக் கூடாது.

மாத்திரை: காயப்படுத்திக்கொள்வதைக் குறைப்பதற்கென்றே தனி மருந்து இல்லை. மனச்சோர்வு, பதற்றம் கூட இருந்தால் அவற்றுக்குத் தருவார்கள். மனச்சோர்வு மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் 25 வயதுக்குட்பட்டவர்களிடம் எரிச்சல், தூக்கமின்மை, தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று நெருங்கிக் கவனிக்க வேண்டும். பயந்துபோய்த் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும்.

---

திண்ணைவிளக்கு:

நன்றி. பாதுகாப்புத் திட்டத்துக்கு இரண்டாம் பக்கம் முழுவதையும் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். வலியை உண்டாக்கும் மாற்று வழி ஒன்று வரைவில் இருந்தது; எடுத்தாகிவிட்டது.

இன்னும் மூன்று. தோழிக்கு மட்டும் தெரியும், அவள் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள் என்ற நிலையில் என்ன செய்வது? பள்ளிக்குச் சொல்ல வேண்டுமா? பழைய தழும்பைப் பற்றி உறவினர் கேட்டால்?

---

மணியடிச்சாச்சு:

தோழி விஷயம் முதலில். நண்பர்களுக்குத்தான் பெரும்பாலும் முன்னதாகத் தெரியும், அதனால் இது அடிக்கடி வரும் சிக்கல். 14 வயதுப் பிள்ளையால் சுமக்க முடியாத சுமை அது. அவள் ஒரு பெரியவரிடம் சொல்லிவிட்டால், அவளிடம் "நீ துரோகம் செய்தாய்" என்று யாரும் சொல்லக்கூடாது, உங்கள் பிள்ளை சொன்னாலும் நீங்கள் திருத்துங்கள். உங்கள் பிள்ளையிடம் சொல்லத் தோழிக்குக் கொடுக்க வேண்டிய வாக்கியம்: "உன்னை இழக்கிறதைவிட உன் கோபத்தை வாங்கிக்கிறேன். ஒரு பெரியவரிடம் சேர்ந்து சொல்லலாமா, இல்லை நான் சொல்லட்டுமா?" இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவிடுவது முக்கியம். ஆசிரியர்களும் இதே காரணத்துக்காக "யாரிடமும் சொல்லமாட்டேன், சொல்லு" என்று ஆரம்பிக்கவே கூடாது. "உன் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் இன்னொருவரிடம் சொல்ல வேண்டியிருக்கும். யாரிடம், எப்படி என்று உன்னைக் கேட்டுத்தான் செய்வேன்" என்று தொடங்க வேண்டும். முதலில் வாக்குக் கொடுத்துப் பிறகு மீறினால் அந்தப் பிள்ளை அடுத்த பெரியவரிடம் வாயே திறக்காது.

பள்ளிக்குச் சொல்லலாம், ஆனால் பள்ளி முழுவதற்கும் இல்லை. கவுன்சலர் இருந்தால் அவர், இல்லாவிட்டால் பிள்ளை நம்பும் ஒரு ஆசிரியர். என்ன சொல்லப்போகிறோம் என்பதைப் பிள்ளையோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். பள்ளியிடம் கேட்க வேண்டியவை சில்லறையான காரியங்கள்தான், ஆனால் அவைதான் உதவும்: வகுப்பை விட்டுக் காரணம் சொல்லாமல் 10 நிமிடம் வெளியே போகும் அனுமதி, விளையாட்டு வகுப்பில் முழுக்கைச் சட்டை, உடைமாற்றத் தனியறை, தேர்வு நேரத்தில் யாரிடம் போவது என்ற ஒரு பெயர்.

பள்ளி செய்யக்கூடாத ஒன்று: "இப்படி நடக்கிறது, ஜாக்கிரதை" என்று அசெம்பிளியில் பேசுவது. காயம், விதம், படம் எதையாவது காட்டிப் பேசினால் அந்த வயதுக் கூட்டத்தில் தொற்றும். இது நன்றாகத் தெரிந்த விஷயம். காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளை மட்டும் ஒன்றாக உட்காரவைத்து அனுபவம் பகிரச் சொல்வதும் இதே வகைதான். போனில் அப்படிப்பட்ட படங்கள் வரும் பக்கங்களைப் பிள்ளை பின்தொடர்ந்தால், போனைப் பிடுங்காமல் சேர்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். பிடுங்கினால் ராத்திரி பேசக்கூடிய அந்த ஒரு தோழியும் சேர்ந்தே போய்விடுவாள்.

தழும்பு: யாரிடம் எவ்வளவு என்பது பிள்ளையின் முடிவு. "பழசு, இப்போ பரவாயில்லை" என்ற ஒரு வரியை முன்கூட்டியே சொல்லிப் பழகட்டும். உறவினர் துருவினால் அங்கேயே பேச்சை மாற்ற வேண்டியது பெற்றோர். மூடிக்கொள்ள விரும்பினால் மூடட்டும், மூடாமல் நடந்தால் "மறை" என்று சொல்லாதீர்கள். முழுதும் ஆறிய தழும்புக்கு சிலிக்கான் ஜெல், வெயிலில் சன்ஸ்க்ரீன் உதவும். ஆறாத காயத்தின்மேல் அவை வேண்டாம்.

மூன்றோடு சேராத ஒன்று. "இத்தனை நாள் செய்யாமல் இருக்கிறாள்" என்று நாள்காட்டியில் எண்ண வேண்டாம். 40-ஆவது நாள் ஒருமுறை சறுக்கினால் கணக்கு பூஜ்ஜியத்துக்கு வரும், "எல்லாம் போச்சு" என்று தோன்றும். பார்க்க வேண்டியவை வேறு: இடைவெளி கூடுகிறதா, காயம் லேசாகிறதா, தோன்றியதற்கும் யாரிடமாவது சொன்னதற்கும் இடையிலுள்ள நேரம் குறைகிறதா. மூன்றாவது குறைந்தாலே திசை சரி. சறுக்கிய அன்று "மறுபடியுமா?" என்பதற்குப் பதில் "இந்த முறை என்ன வித்தியாசம்?" என்று கேட்டு, திட்டத்தாளில் ஒரு வரியை மாற்றுங்கள்.

---

கட்டுத்துணி:

அச்சுக்குப் போகும் முன் ஒன்று. குறிப்பில் "உதவி எண்ணை அழைக்கவும்" என்று மட்டும் போடாதீர்கள், உங்கள் பகுதியில் இயங்கும் எண்ணையே பெரிய எழுத்தில் போடுங்கள். போடும் முன் நீங்களே ஒரு பகலிலும் ஒரு ராத்திரியிலும் கூப்பிட்டுப் பாருங்கள்: எத்தனை மணி வரை எடுக்கிறார்கள், எந்த மொழியில் பேசுகிறார்கள், 18 வயதுக்குக் கீழே என்றால் பேசுவார்களா. ஒவ்வொரு முறை மறுபதிப்புப் போடும்போதும் மறுபடி கூப்பிட வேண்டும். எண்கள் சொல்லாமல் கொள்ளாமல் மாறிவிடும்.